தோட்ட வேலை என்று சொன்ன வயர்மேன்

தொழிற்பயிற்சி படித்த பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பால் ஏதாவது பிரயோசனம் உண்டா என்று விசாரித்து எழுதும் வேலை எனக்குக் கிடைத்தபோது, எங்கள் அக்கா கேட்ட முதல் கேள்வி, "அதக் கண்டுபுடிக்க ஒன்னையா கூப்புட்டாங்க?" என்பதுதான். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் படித்ததற்கும் இதுவரை பார்த்த வேலைகளுக்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை. ஆனால் கொழும்பிலிருந்து வந்த ஆய்வுக் குழுவுக்கு எங்கள் பேச்சு பேசத் தெரிந்த, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் வாசலில் கூச்சமில்லாமல் நிற்கக்கூடிய ஒருத்தி தேவைப்பட்டாள். லயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அங்கே நிற்க என்ன கூச்சம்? சரி என்று சேர்ந்துகொண்டேன்.

ஹட்டன் பக்கத்தில் இருக்கும் ஒரு பயிற்சி நிலையத்தில் வீட்டு வயரிங் வகுப்பு நடந்து வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்றே தொடங்கிய வகுப்பு. அதில் படித்து முடித்து வெளியே போனவர்களைத் தேடிப்பிடித்து, இப்போது என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்க வேண்டும். படித்த தொழிலைச் செய்கிறார்கள் என்றால் வகுப்பு தொடரும். இல்லையென்றால் அடுத்த குழுவைச் சேர்க்காமலே மூடிவிடுவார்கள். ஆய்வின் சாரம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதைச் சுற்றிய அலங்காரம்.

அந்த அடுத்த குழுவுக்குத் தெரிவானவர்களில் அக்கா மகளும் ஒருத்தி. வயரிங் படித்த பெண் எங்கள் தோட்டத்தில் ஒருத்திகூட இல்லை. அதனாலேயே அவளுக்கு அது வேண்டும். இந்தப் பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. அவள் அப்பா, என் மச்சானோ, கொழும்பில் ஒரு புடவைக் கடையில் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். தீபாவளி வியாபாரத்துக்குக் கடைக்குப் பெண்பிள்ளைகள் வேண்டுமாம். "கிளாஸ் தொறந்தா படிக்கட்டும். தொறக்கலன்னா தீவாளிக்கு முன்னுக்குக் கடைக்குப் போயிரணும். வீட்ல சும்மா வச்சிக்க முடியாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவள் போன லீவுக்கு அந்தக் கடையில் நின்று பார்த்தவள்தான். காலையில் நின்றால் கடை மூடும்வரை நிற்க வேண்டும், உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை என்று வந்து சொன்னாள். மறுபடி அங்கே போவதைவிடச் செத்துப்போகலாம் என்றாள். அந்த வயதில் எல்லோரும் சொல்வதுதான், ஆனாலும் நான் அதை மறக்கவில்லை.

முதல் நாளே ஆய்வுத் தலைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் கொழும்புப் பல்கலைக்கழகக்காரர், நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். ஆள் நல்லவர், நேர்மையானவர், நேர்மையானவர்களுக்கே உரிய முரட்டுத்தனமும் உண்டு. "சொன்னது நல்லது. உங்கட அக்காவின்ட தோட்டத்துக்கு மட்டும் நானும் கூட வாறன்" என்றார். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அக்கா இருக்கும் எங்கள் தோட்டத்துக்குள் போய்க் கேள்வி கேட்க, அதை நிர்வகிக்கும் துரையிடம் அனுமதி வாங்க வேண்டும். துரை சிரித்த முகத்தோடு அனுமதி கொடுத்தார். கூடவே பாதை காட்டுவதற்கென்று கணக்கப்பிள்ளை ஒருவரையும் அனுப்பிவைத்தார். அந்தத் தோட்டத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் எல்லா லயத்துக்கும் போய்விடுவேன். எனக்குப் பாதை காட்ட ஆள்! காலையில் பெரட்டில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பவரும், யாருக்கு இன்று முழு நாள் பேர், யாருக்கு அரை நாள் பேர் என்று எழுதுகிறவரும் அவர்தான். அவர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கியதுமே எனக்குப் புரிந்துவிட்டது, இன்றைக்கு ஒருவர் வாயிலிருந்தும் உண்மை வராது என்று.

மேடத்தின் பக்கத்தில் போய் மெதுவாக, "இவர் கூட வந்தா யாரும் பேச மாட்டாங்க மேடம்" என்றேன். "அனுமதி தந்ததே இந்த நிபந்தனையில்தானே. அவர் தள்ளி நிக்கட்டும், நாங்க எங்கட வேலையைப் பாப்பம்" என்றார்.

அவர் தள்ளித்தான் நின்றார். காது கேட்கும் தூரத்தில் தள்ளி நின்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லயத்துக் காம்பரா, அதாவது ஒரு குடும்பம் இருக்கிற அறை, தோட்டத்துக்குச் சொந்தமானது. அதில் இருக்கிற குடும்பத்தில் யாருக்காவது தோட்டத்து வேலைப் பதிவில் பேர் இருக்கிற வரைக்கும்தான் அந்தக் காம்பரா அவர்களுக்கு. தாய்க்கு முடியாமல் போகும்போது பிள்ளையின் பேரைப் பதிந்துகொள்வார்கள். அந்தப் பிள்ளை வெளியில் சம்பாதிக்கிறான் என்று வந்துவிட்டால் பேரை வெட்டலாம், பேரை வெட்டினால் காம்பராவைக் கேட்கலாம். கேட்பார்களா என்றால், எல்லா நேரமும் கேட்பதில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பத்திடம் கேட்டார்கள். மகன் டவுனில் சலூன் வைத்த குடும்பம். அவர்கள் சட்டி பானைகளை லொறியில் ஏற்றிக்கொண்டு போனதை மொத்த லயமும் வாசலில் நின்று பார்த்தது. அதற்குப் பிறகு யாருக்கும் இன்னொரு உதாரணம் தேவைப்படவில்லை.

அதனால் எங்கள் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். காலையில் தேயிலை மலைக்குப் போய் அரைப் பேர் போட்டுக்கொண்டு திரும்பி, குளித்து, உடுப்பு மாற்றி, டவுனுக்கு பஸ் ஏறுவார்கள். சில நாள் காய்ச்சல் என்பார்கள், சில நாள் மாமன் வீட்டுக் காரியம் என்பார்கள். கணக்கப்பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர் வீட்டு ப்ளக் பொயின்ட் பழுதானாலும் இவர்களில் ஒருவன்தான் போய்ச் செய்கிறான். யாரும் வாய்விட்டுச் சொல்லாத வரைக்கும் அவர் தெரியாதவர் மாதிரி இருந்துகொள்வார். சொல்லிவிட்டால் அவரும் துரையிடம் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் அவருடைய உத்தியோகத்துக்குக் கேடு.

அன்றைக்கு வாசல் வாசலாக நாங்கள் கேட்ட பதில், மற்றத் தோட்டங்களில் கேட்ட அதே பதில்தான்.

"என்ன வேலை செய்றீங்க?"

"தோட்ட வேலதாங்க."

"வயரிங் படிச்சீங்கதானே?"

"படிச்சமுங்க. அதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வரல்லைங்க."

கடைசி லயத்தில் ஒரு இளைஞன். வகுப்பில் முதலாவதாகத் தேறியவன் என்று பயிற்சி நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். சட்டைப் பையில், கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரின் சிவப்புப் பிடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால், காம்பராவுக்குள், வயர் சுருள்களும் வெள்ளைக் குழாய்களும் சுவரில் சாய்ந்திருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி அவனுடைய அம்மா கதவை அடைத்துக்கொண்டு நின்றார். கொழுந்து பறித்துப் பறித்து வீங்கிப்போன விரல்களால் முந்தானையை இழுத்து விரித்துக்கொண்டார்.

"தேயிலக்கிக் கவ்வாத்து வெட்டுறேங்க மேடம்" என்றான் அவன். "வயரிங்க அப்பவே வுட்டாச்சு."

மேடம் எழுதிக்கொண்டார். கணக்கப்பிள்ளை வானத்தைப் பார்த்து, "மழ வரும் போல" என்றார்.

திரும்பி வரும்போது வேனில் நான் வெடித்துவிட்டேன். அவ்வளவும் பொய், ஒருவரும் உண்மை சொல்லவில்லை, இதை வைத்து முடிவு எழுதினால் வகுப்புக்குக் கொள்ளி வைத்த மாதிரி என்றேன். காம்பரா விஷயத்தையும் பேர் விஷயத்தையும் விளக்கினேன். மேடம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "உங்கட அக்கா மகள் அந்த வகுப்புக்குக் காத்துக்கொண்டிருக்கிறா. அதால உங்களுக்கு இப்பிடித் தெரியுதோ?" என்று கேட்டார்.

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி அவ்வளவு மென்மையாகக் கேட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடலாம் என்றிருந்தது. இறங்கியிருந்தால் மழையில் நனைந்ததுதான் மிச்சமாகியிருக்கும். "அவளுக்காகவுந்தான் மேடம். அதுக்காக அந்தப் பொடியன் பாக்கெட்ல இருந்தது கவ்வாத்துக் கத்தி ஆகிடாது" என்றேன். டெஸ்டரை மேடமும் பார்த்துத்தான் இருந்தார். ஹட்டன் கிட்டும்போது, "சரி, ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காட்டுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் தோட்டத்துச் சனமெல்லாம் சாமான் வாங்க இறங்கும், கால் வைக்க இடம் இருக்காது. பஜாரில் முஸ்லிம் முதலாளி ஒருவரின் ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. வயரிங் வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் அங்கேதான் வருவார்கள். நாங்கள் போனபோது கடை வாசலில் ஏணியும் பையுமாக ஐந்தாறு பேர் நின்றார்கள். எல்லோரும் எங்களிடம் தோட்ட வேலை என்று சொன்னவர்கள். நடுவில் அந்த டெஸ்டர் பொடியன், கையில் சுவிட்ச் பெட்டிகளை வைத்துக்கொண்டு விலை பேசிக்கொண்டிருந்தான்.

மேடம் யார், நான் யார் என்று சொல்வதற்கு முன்பே, முதலாளி பெருமையாக ஆரம்பித்துவிட்டார். "வயரிங் வேலையா தங்கச்சி? இந்தப் பொடியன கூட்டிக்கொண்டு போங்க, கண்ண மூடிக்கொண்டு நம்பலாம். இவங்க இல்லாட்டி என்ட கடையில வயர் ரோல் எல்லாம் தூசி புடிச்சிக் கெடக்கும்."

அவன் திரும்பி எங்களைப் பார்த்தான். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றான். திருடியது ஒன்றுமில்லை, சொந்தக் கையால் உழைப்பதைத்தான் ஒளிக்கிறான், அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அதுதான் தாங்கவில்லை. மற்றவர்கள் ஏணிகளோடு மெல்ல நழுவினார்கள். அவன் மட்டும் என்னைக் கடைக்குப் பக்கத்துச் சந்துக்குள் கூப்பிட்டான்.

"அக்கா, நீங்களும் லயத்து ஆள்தானே. ஒங்களுக்குத் தெரியாதா? எங்கம்மாவுக்கு இனிக் கொழுந்து பறிக்க ஏலாது. என் பேருலதான் காம்பரா நிக்கிது."

"தெரியும் தம்பி. ஆனா நீங்க எல்லாரும் தோட்ட வேலைன்னு சொன்னா வகுப்ப மூடிருவாங்க."

"மூடினா பாவம்தான். அங்க படிக்கலன்னா நான் இன்னைக்கு மலையில மருந்தடிக்கிற டாங்கியத்தான் தூக்கிட்டு இருப்பேன். ஆனா எழுதிட்டீங்கன்னா எங்கம்மாவ எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்று கேட்டான். "எதையும் எழுதுங்க. என் பேர மட்டும் எழுதாதீங்க, தோட்டத்துப் பேரையும் எழுதாதீங்க."

எழுத மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தேன். மேடமும் கொடுத்தார். அன்று மாலையே அவர் அறிக்கையின் வரைவில் சில வரிகளில் ஒரு பந்தி எழுதிச் சேர்த்தார், தோட்டத்துக்குள் கேட்டபோது மறுத்தவர்கள் சிலர் டவுனில் படித்த தொழிலைச் செய்வதை நேரில் கண்டோம் என்று. எழுதி முடித்துவிட்டு, "உங்களிட்ட அண்டைக்கு அப்பிடிக் கேட்டது பிழை" என்றார். நான் பெரிய மனதோடு பரவாயில்லை என்றேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அக்கா வீட்டுக்குப் போய், "கிளாஸ் தொறக்கும்டி" என்று அவளிடம் சொல்லியும்விட்டேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அடுத்த கிழமை பயிற்சி நிலையத்தில் கூட்டம். பொறுப்பதிகாரி, மேடம், நான், வகுப்புக்குத் தெரிவான பிள்ளைகள், படித்து முடித்தவர்களில் கூப்பிட்டதற்கு வந்த சிலர். டெஸ்டர் பொடியனும் வந்திருந்தான். முதலாவதாகத் தேறியவன் கட்டாயம் வரவேண்டுமென்று அதிகாரி போன் பண்ணியிருந்தார். வந்தவன், முன்வரிசையில் இருந்தவரைப் பார்த்ததும் கதவோரமாகவே நின்றுவிட்டான். தோட்டத்துத் துரை. நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் தோட்டங்களின் சார்பில் அவர் இருப்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மேடத்துக்கும் தெரியவில்லை.

துரை கெட்ட மனிதர் இல்லை. அதை எழுதாவிட்டால் பொய்யாகிவிடும். வரைவைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார், சத்தம் போடவில்லை. "இது சந்தோசமான விஷயம்தானே" என்றார் தமிழிலேயே. "பிள்ளைகள் முன்னேறினா எங்களுக்கும் பெருமை. ஆனா என்னோட தோட்டத்துல படிச்ச எல்லாரும் இன்னும் பேரோட இருக்கிறாங்க. இதுல டவுன்ல வேலை செய்றவங்க யாருன்னு சொல்லுங்க, நான் ஒத்துக்கிறேன். யாரோ சிலர்னு எழுதினா எப்படி நம்புறது?"

அதிகாரி தலையசைத்தார். நியாயமான கேள்வி என்று சிங்களத்தில் சொன்னார். மேடம், தகவல் தந்தவர்களின் பேரை வெளியிடுவதில்லை என்பது ஆய்வின் ஒழுங்கு என்று விளக்கினார். துரை அதையும் மரியாதையாகக் கேட்டார். பிறகு திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தார்.

"நீ நம்ம தோட்டம்தானே தம்பி? நீ சொல்லு. நீ இப்ப என்ன வேலை?"

கூரைத் தகரத்தில் தூறல் விழுவது மட்டும் கேட்டது. அவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுத்துக்கொண்டேன், எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வது? மேடத்தின் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது.

"தோட்ட வேலங்க தொரை" என்றான்.

எனக்குப் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா மகள் எழும்பப் போனாள். அவர்கள் வீட்டு லைட்டையும் ப்ளக்கையும் போட்டுக் கொடுத்ததே அவன்தான். அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள். அவள் வாய் திறந்திருந்தது, முதல் சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டதை நான் பார்த்தேன். ஒரு வாக்கியம் போதும், அவளுக்கு வகுப்பு கிடைத்துவிடும். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்துக் கீழே இழுத்தேன். வளையல் நெரிந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், நான் யாரென்றே அவளுக்குத் தெரியாத மாதிரி இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தாள். துரை, "என்ன பிள்ளை, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு இல்லையென்று ஆட்டினாள்.

அவ்வளவுதான். அடுத்த குழுவை எடுப்பதில்லை, அந்த அறையைக் கணினி வகுப்புக்குக் கொடுப்பது என்று முடிவானது. மேடம் சேர்த்த பந்திக்குப் பக்கத்தில் உறுதிப்படுத்தப்படவில்லை என்று எழுதச் சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் அவன் படிக்கட்டில் என்னிடம் வந்தான். "அக்கா" என்றான். "போ தம்பி, பஸ் போயிடப் போகுது" என்றேன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. துரை மேல் கோபப்படலாமென்றால் அவர் கேட்டது கேட்க வேண்டிய கேள்வி. கோபம் மட்டும் நெஞ்சு முட்ட இருந்தது, கொண்டுபோய்க் கொட்ட இடமில்லை.

அறிக்கையைத் தமிழில் ஆக்கித் தருவதும் என் வேலையாக இருந்தது. தோட்டப்புற இளைஞர்களின் தொழிலில் இந்தப் பயிற்சி குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் ஏற்படுத்தவில்லை. அறிக்கையின் அந்த முடிவு வரியை நான்தான் தட்டச்சு செய்தேன். எழுத்துப்பிழை இல்லாமல் செய்தேன். ஒரு லயம் முழுவதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்ன பொய் இப்போது ஆய்வின் முடிவு. எத்தனையோ பேர் அதை வாசிப்பார்கள், எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று முடிவு செய்வார்கள்.

அக்கா மகள் அதன்பிறகு என்னோடு பேசவில்லை. அக்கா சமாதானம் சொல்லிப் பார்த்தாள், மச்சான் அதட்டிப் பார்த்தார். தீபாவளிக்கு முன்னால் ஒரு காலையில் அவளைக் கொழும்பு பஸ் ஏற்ற ஹட்டன் பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பனி இறங்கி எதிர்ப்பக்கக் கடைகள்கூடத் தெரியவில்லை. மச்சான் பெட்டியைப் பின்னால் ஏற்றப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் தனியாக நின்றோம்.

"சித்தி."

இத்தனை நாளைக்குப் பிறகு கூப்பிட்டதும் நான் சட்டென்று திரும்பினேன்.

"அன்னைக்கு ஏன் என் கையப் புடிச்சீங்க?"

நான் இதற்குப் பதில் தயாராகத்தான் வைத்திருந்தேன். பல தடவை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்த பதில், இன்றைக்கும் அதை மாற்ற மாட்டேன். அந்த நாற்காலியில் மறுபடி உட்கார வைத்தாலும் நான் அந்தக் கையைப் பிடிக்கத்தான் செய்வேன்.

"நீ சொல்லியிருந்தா அந்தம்மாவும் அந்தப் பொடியனும் வீட்ட விட்டுப் போயிருப்பாங்கடி."

அவள் தலையாட்டினாள். கோபமில்லாமல், கணக்கு ஒன்று சரியாக வந்துவிட்ட மாதிரி ஆட்டினாள்.

"அவுங்க போகல. நான் போறேன்."

கண்டக்டர் கூப்பிட்டான். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். நான் நின்ற பக்கம் ஜன்னலோரத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய், மறுபக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.